பத்தாம் வகுப்புக்குப் பின் எந்த வழி? குடும்பச் சூழலைக் கணக்கில் எடுத்து முடிவெடுக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியான ஓரிரு வாரங்களுக்குள், பிள்ளை அடுத்து எங்கே சேர வேண்டும் என்பதைப் பெரும்பாலான வீடுகள் முடிவு செய்துவிடுகின்றன. ஒரே வகுப்பில் படித்து, 500-க்கு 370 மதிப்பெண் பெற்ற இரு மாணவர்களில், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மகன் ஐடிஐ-யில் சேர்வதும், நாகர்கோவிலில் அரசு ஊழியராக இருப்பவரின் மகன் பிளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் எடுப்பதும் இங்கே யாருக்கும் வியப்பளிப்பதில்லை. மதிப்பெண் ஒன்றாக இருந்தும் வழி வேறாகிறது என்றால், அந்த முடிவைப் பிள்ளையின் திறமை எடுக்கவில்லை, வீடு எடுத்திருக்கிறது என்று பொருள்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் ரேமோன் பூதோன் 1970-களில் இதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார். குடும்பச் சூழல் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பாதிப்பது ஒன்று. மதிப்பெண் சமமாக இருக்கும்போதும், எந்தப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் குடும்பச் சூழல் தீர்மானிப்பது மற்றொன்று. முதலாவதைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் ஆகும், அதற்கு அரசும் பள்ளியும் சமூகமும் சேர்ந்து உழைக்க வேண்டும். இரண்டாவதை ஒரு குடும்பமே, முடிவெடுக்கும் அந்த ஓரிரு வாரங்களில், தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அதை எப்படிச் செய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன். தொழிற்கல்வி உயர்ந்ததா, ஏட்டுக்கல்வி உயர்ந்ததா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எந்தப் பிள்ளைக்கு எது என்பதைக் குடும்பத்தின் பழக்கமும் அச்சமும் மட்டுமே முடிவுசெய்யக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து.

காரணங்களை முதலில் எழுதுங்கள்

பேசத் தொடங்குவதற்கு முன், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும், பிள்ளை உட்பட, ஒரு தாளில் தனித்தனியே இரண்டு செய்திகளை எழுத வேண்டும்: எந்தப் படிப்பு வேண்டும், ஏன் வேண்டும். எழுதத் தெரியாத பாட்டி இருந்தால் அவர் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதிக்கொள்ளலாம். பிள்ளையின் தாளைக் கடைசியில் படியுங்கள் என்று சிலர் சொல்வார்கள். முதலில் படியுங்கள் என்பேன். பெரியவர்களின் கருத்தைக் கேட்ட பிறகு, தான் எழுதியதை மாற்றிச் சொல்லும் பிள்ளைகளே நம் ஊரில் அதிகம்.

பிறகு ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே, அது எதைப் பற்றியது என்று குறியுங்கள். பிள்ளையின் திறமை அல்லது விருப்பம் பற்றியதா? வீட்டின் பணநிலை பற்றியதா? அச்சமா? ஊரார் என்ன சொல்வார்கள் என்பதா? அல்லது அந்தப் படிப்பைப் பற்றிச் சரியாகத் தெரியாததால் வந்ததா? இந்த ஐந்தும் ஒன்றோடொன்று கலந்து ஒரே வாக்கியமாக வெளிவரும்போதுதான் குழப்பம் வருகிறது. “அவனுக்குப் படிப்பு ஏறாது” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்குத் திறமையைப் பற்றியது போல இருக்கும். தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் ஒரு மீனவ வீட்டில் அது சொல்லப்பட்டால், கொஞ்சம் துருவிக் கேட்க வேண்டும். கணக்கில் 41 வாங்கியவன் அறிவியலில் எவ்வளவு வாங்கினான்? அந்த ஆண்டு கணக்கு ஆசிரியர் முழு நேரமும் இருந்தாரா? ஆழ்கடலுக்குப் போன அப்பா ஒரு மாதத்துக்கு மேல் வராத நாள்களில் வீட்டுப் பொறுப்பு யார் தலையில் விழுந்தது? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு, “படிப்பு ஏறாது” என்பது பல நேரங்களில் “படிக்க இடமும் நேரமும் கிடைக்கவில்லை” என்று மாறிவிடுகிறது. அப்படி மாறினால் முடிவும் மாறலாம்.

அச்சம் என்று குறித்ததைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் நம் கடற்கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளின் ஆண்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு, “என் பிள்ளை கடலுக்குப் போக வேண்டாம்” என்று ஒரு தாய் சொன்னால், அதற்கு யாரும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. ஆனால் அந்த அச்சம் “கடல் தொடர்பான எந்தப் படிப்பும் வேண்டாம்” என்று விரியும்போது மட்டும் ஒரு நொடி நின்று யோசிக்கலாம். மீன்வளம், கப்பல் எந்திரம், குளிர்பதனம், மீன்வலைத் தொழில்நுட்பம் என்று கரையிலேயே இருந்து செய்யும் வேலைகளும் உண்டு.

மாதச் சம்பளம் வரும் வீடுகளில் இதே தவறு வேறு முகத்தில் நடக்கிறது. ஆசிரியர், வங்கி ஊழியர், செவிலியர் வீட்டுப் பிள்ளை, பழுதான மிக்ஸியைத் தானே பிரித்துச் சரிசெய்கிறவனாக, வரைபடம் பார்த்ததும் புரிந்துகொள்கிறவனாக இருந்தாலும், ஐடிஐ என்ற சொல்லையே அந்த வீட்டில் எடுக்க முடியாது. அவனுக்கு நீட் பயிற்சிக்குப் பணம் கட்டுவார்கள், மறுமுறையும் கட்டுவார்கள். பெற்றோர் இருக்கும் நிலையிலிருந்து பிள்ளை கீழே இறங்கிவிடக் கூடாது என்ற எண்ணமே இங்கே முடிவெடுக்கிறது. கூலி வேலை செய்யும் வீட்டுக்கு நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு ஆபத்தாகத் தெரிகிறது. சம்பளம் வாங்கும் வீட்டுக்கு இரண்டு ஆண்டு ஐடிஐ ஆபத்தாகத் தெரிகிறது. இரண்டு வீடுகளுமே தமக்குத் தெரிந்த ஆபத்தைத்தான் பார்க்கின்றன.

இந்த மாவட்டத்தில் பட்டப்படிப்பின் மேல் பெரியவர்களுக்கு இருக்கும் பற்றை வெறும் பகட்டு என்று ஒதுக்குவது நியாயமாகாது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயிலாடியில் தொடங்கிய பள்ளிப்படிப்பு, தோள்சீலைக்காக, அதாவது பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக, போராட வேண்டியிருந்த மக்களுக்குத் தலைநிமிரும் வழியாக இருந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடாக இருந்தபோது, இம்மாவட்டம் 91.75 விழுக்காட்டுடன் மாநிலத்தில் முதலிடத்தில் இருந்ததற்குப் பின்னால் அந்த வரலாறு இருக்கிறது. தொழிற்கல்வி என்றதும் எழும் ஐயத்துக்கும் காரணம் உண்டு. 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த, அரைநாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்ற திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. அப்போது நாம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம், 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தோம் என்றாலும், அந்த எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். எனவே தொழிற்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் எந்த வீடும் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்தத் தொழில் அப்பாவின் தொழில் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறதா, பிள்ளைக்குக் கைவருகிறது என்பதற்காகவா? கொத்தனார் மகள் எலக்ட்ரானிக்ஸ் படிக்கவும், வழக்கறிஞர் மகன் வெல்டிங் படிக்கவும் இடம் இருக்கும்போதுதான் அது தேர்வு ஆகும்.

எந்த வழியில் எது அடைபடும் என்று பாருங்கள்

பத்தாம் வகுப்புக்குப் பின் நம் முன் இருப்பவை நான்கு. மேல்நிலைப் பள்ளியில் பொதுப்பிரிவு, அதே மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு, மூன்றாண்டு பாலிடெக்னிக், ஓராண்டு அல்லது ஈராண்டு ஐடிஐ. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் சேர்ந்து தொடங்கியது என்பதும், இரண்டிலும் படிப்பவர் வாங்குவது அதே மேல்நிலைச் சான்றிதழ்தான் என்பதும் பல பெற்றோருக்குத் தெரிவதில்லை.

ஒவ்வொன்றையும் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இதில் சேர்ந்தால் என்ன வேலை கிடைக்கும் என்பதாக இருக்கக் கூடாது. இதில் சேர்ந்த பிறகு மனம் மாறினால் எங்கே போகலாம், எங்கே போக முடியாது என்பதே முதல் கேள்வி. பதினைந்து வயதில் எடுக்கும் முடிவு மாறுவதற்கு வாய்ப்பு அதிகம். வசதியுள்ள வீடு மாற்றத்தைத் தாங்கும், வசதியில்லாத வீடு தாங்காது. ஆகவே கையில் பணம் குறைவாக உள்ள குடும்பமே இந்தக் கேள்வியை அதிகக் கவனத்தோடு கேட்க வேண்டும்.

மருத்துவம் படிக்க நீட் எழுத வேண்டுமானால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். பொறியியல் கலந்தாய்வின் பொதுப் பிரிவுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். வணிகவியல் குரூப் எடுத்தவருக்கு இவ்விரண்டும் அடைபடும். பட்டயக் கணக்காளர் படிப்பும் பி.காம்-மும் போட்டித் தேர்வுகளும் திறந்திருக்கும். தொழிற்பிரிவில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், சிவில் போன்றவற்றைப் படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனித் தரவரிசை இருக்கிறது. ஆனால் இடங்கள் குறைவு. அவர்களுக்குக் கூடுதல் பயனுள்ள வழி, பிளஸ் டூ முடித்ததும் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்வது. ஈராண்டு ஐடிஐ முடித்தவருக்கும் அதே வழி உண்டு. பாலிடெக்னிக் முடித்தவர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதாவது ஐடிஐ-யில் தொடங்கிய ஒரு மாணவர் படிப்படியாக ஏறிப் பொறியியல் பட்டம் வரை போகலாம். ஆண்டுகள் கூடும், ஆனால் ஒவ்வொரு படியிலும் கையில் ஒரு சான்றிதழும், வேலை செய்து சம்பாதிக்கும் தகுதியும் இருக்கும்.

பத்தாம் வகுப்பு முடித்து ஈராண்டு ஐடிஐ படித்தவர், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேர்ச்சி பெற்றால், தமிழ்நாட்டில் அவருக்குப் பிளஸ் டூ-வுக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். பின்னாளில் பட்டம் படிக்கவும் அரசுத் தேர்வுகள் எழுதவும் அது உதவும். இதை ஐடிஐ-யில் சேரும் நாளிலேயே பிள்ளையிடம் சொல்லி வைக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்காரர்களே இரண்டு வழிகளுக்கும் சான்றாக இருக்கிறார்கள். 2018 முதல் 2022 வரை இஸ்ரோவின் தலைவராக இருந்த கே. சிவன், சரக்கல்விளையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கல்லூரி வழியாகப் போனவர். 2025 ஜனவரியில் அதே பொறுப்பை ஏற்ற வி. நாராயணன், மேலகாட்டுவிளையில் பிறந்து, மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய், பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. தேர்வில் தேறி, பிறகு கரக்பூர் ஐஐடி-யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக்கும் விண்வெளிப் பொறியியலில் முனைவர் பட்டமும் பெற்றவர். எல்லாரும் இஸ்ரோ தலைவராகிவிடலாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. “டிப்ளமோ சேர்ந்தால் அதோடு முடிந்தது” என்று சொல்லும் உறவினருக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது.

பணத்தைச் சரியாகக் கணக்கிடுங்கள்

கட்டணத்தை மட்டும் பார்ப்பதுதான் வழக்கம். பிள்ளை படிக்கும் ஆண்டுகளில் வீட்டுக்கு வராமல் போகும் வருமானத்தையும், பேருந்து, விடுதி, கருவி, சீருடை ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அதன் எதிரே, வரக்கூடிய உதவிகளை எழுதுங்கள். அரசு ஐடிஐ-யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சீருடை, காலணி, பாடநூல், மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவையும் கிடைக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இவை பட்டப்படிப்புக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டிப்ளமோ, தொழிற்பயிற்சிப் படிப்புகளுக்கும் உண்டு.

இங்கே ஒரு பள்ளத்தைச் சுட்டிக்காட்டியே ஆக வேண்டும். சீட்டுப் பணமும் நகை அடகுப் பணமும் சேர்த்து, பத்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மகளைப் பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் நம் மாவட்டத்தில் குறைவில்லை. மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் நடைமுறையில் உள்ள 7.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கடைசி இரண்டு ஆண்டுகள் மாறிவிட்டால், ஆறாம் வகுப்பிலிருந்து சேர்த்துவைத்த அந்த உரிமை போய்விடும். பணம் செலவழித்து உரிமையை இழப்பதற்கு முன், அருகிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் என்னென்ன குரூப் இருக்கின்றன என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அரசு உதவி பெறும் பள்ளியும் அரசுப் பள்ளியும் இந்த ஒதுக்கீட்டில் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். மாவட்டத்தில் உதவி பெறும் பள்ளிகள் மிகுதியாக இருப்பதால் இங்கே பலர் ஏமாந்து போகிறார்கள்.

வீட்டில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழ் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை தரும். சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

நேரில் போய்ப் பாருங்கள்

குடும்பப் பின்னணியின் பெரும் பகுதி தகவல்தான். அரசு ஊழியர் வீட்டில் கல்லூரியைப் பற்றி யாரையும் கேட்காமலே தெரியும். அந்த வீட்டில் பட்டறையைப் பற்றி ஒன்றும் தெரியாது. கொத்தனார் வீட்டில் இது தலைகீழாக இருக்கும். இதற்கு நேரில் போய்ப் பார்ப்பதைவிட நல்ல மருந்து இல்லை. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐடிஐ, அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் உறுப்புக் கல்லூரி ஆகியவை அருகருகே இருப்பதால், ஒரே காலைப்பொழுதில் மூன்றையும் பிள்ளைக்குக் காட்டிவிடலாம். பெற்றோர் இருவரும் போக முடியாவிட்டால் ஒருவராவது உடன் போங்கள்.

ஃபிட்டர் பிரிவின் பட்டறையில் சற்று நேரம் நிற்க அனுமதி கேளுங்கள். முதலாண்டு மாணவர் ஒருவர் வைஸில் இரும்புத் துண்டைப் பிடித்து, அரத்தால் தேய்த்து, துடைத்துவிட்டு, மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே கீற்றாக ஒளி தெரிந்தால் அந்தப் பக்கம் இன்னும் சமமாகவில்லை. மறுபடியும் தேய்க்க வேண்டும். சில பிள்ளைகள் இதைப் பார்த்ததும் இன்னும் அருகே போவார்கள். சிலர் ஐந்து நிமிடத்தில் வெளியே போகலாம் என்பார்கள். இரண்டையும் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், அப்போது எதுவும் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐ-க்கள் டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து மேம்படுத்தப்பட்டு, ரோபோட்டிக்ஸ், கணினியால் இயங்கும் சிஎன்சி எந்திரம், மின்வாகனம் தொடர்பான புதிய பிரிவுகள் வந்திருக்கின்றன. அப்பா காலத்து ஐடிஐ-யை மனத்தில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

தனியார் ஐடிஐ என்றால் இன்னும் கவனமாக இருங்கள். நீங்கள் விரும்பும் அந்தக் குறிப்பிட்ட பிரிவுக்கு என்சிவிடி (தேசியத் தொழிற்பயிற்சிக் குழுமம்) இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். நிறுவனத்துக்கு இருக்கிறது என்ற பொதுவான பதிலோடு நிறுத்திவிடாதீர்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பட்டறை வேலை, ஓர் எந்திரத்துக்கு எத்தனை பேர், சென்ற ஆண்டு முடித்தவர்கள் எங்கே தொழிற்பழகுநராகச் சேர்ந்தார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம். மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம், மணவாளக்குறிச்சி அருமணல் ஆலை, முப்பந்தல் காற்றாலைகள், போக்குவரத்துக் கழகப் பணிமனைகள் என்று ஐடிஐ படித்தவர்களைத் தேடும் இடங்கள் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அங்கெல்லாம் முதலில் பார்ப்பது சான்றிதழ் எந்தக் குழுமத்தினுடையது என்பதைத்தான்.

கடற்கரை ஊர்களுக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகளுடன் இயங்கும் சிஃப்நெட் என்ற நடுவண் அரசு நிறுவனம், பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு மீன்பிடிக் கப்பல் செலுத்துநர், கப்பல் எந்திரப் பொருத்துநர் ஆகிய ஈராண்டுப் பயிற்சிகளை நடத்துகிறது. சேர்வதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. கணிதமும் அறிவியலும் தேறியிருக்க வேண்டும். அப்பாவோடு விசைப்படகில் போய்க் கற்றுக்கொள்ளும் பையனுக்கும், இந்தப் பயிற்சி முடித்துக் கடற்பணியும் செய்து, அரசு நடத்தும் தகுதித் தேர்வு எழுதிக் கப்பலில் அதிகாரியாகும் பையனுக்கும் கடல் ஒன்றுதான், சம்பளமும் பாதுகாப்பும் ஒன்றல்ல.

வளைகுடா நாட்டில் வேலை செய்யும் மாமாவோ சித்தப்பாவோ “அனுப்பி வையுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்னால், எந்த வேலைக்கு, எந்தச் சான்றிதழோடு என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சரிபார்ப்பு வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். தேறியவருக்கு அந்தத் தடை இல்லை என்றாலும், பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் போகிறவர் பெரும்பாலும் உதவியாளராகவே சேர்கிறார். வெல்டிங், எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் என்று முறையாகப் படித்து, சான்றிதழுக்கு அரசின் சான்றொப்பம் பெற்றுப் போகிறவரின் நிலை வேறு. இரண்டு ஆண்டு பொறுத்திருப்பது இங்கே உண்மையான பயன் தரும்.

மகளுக்கு என்றால்

இந்த மாவட்டத்தில் பெண்பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கான முடிவு மிகக் குறுகிய பட்டியலிலிருந்து எடுக்கப்படுகிறது. நர்ஸிங், ஆசிரியர், பி.காம். நர்ஸிங் நல்ல வழிதான், கேரளத்திலும் வெளிநாட்டிலும் நம் பெண்கள் பெயர் எடுத்திருக்கிறார்கள். ஆனால் மேல்நிலைப் பள்ளியின் தொழிற்பிரிவில் உள்ள செவிலியப் பாடத்தை எடுத்தால், நான்காண்டு பி.எஸ்சி. நர்ஸிங்கில் சேர்ந்துவிடலாம் என்று நினைத்துச் சேர்க்கிறார்கள். பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். பட்டப்படிப்புத்தான் நோக்கம் என்றால் பயாலஜி குரூப் எடுக்க வேண்டும்; விரைவில் வேலைக்குப் போக வேண்டும் என்றால் தொழிற்பிரிவும் அதன்பின் டிப்ளமோவும் பொருந்தும். பெயர் ஒன்றாக இருப்பதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது, பிளஸ் டூ முடிந்த பிறகே தெரியவருகிறது.

மற்றொன்று தூரம். மகன் என்றால் கோணத்துக்குத் தினமும் பேருந்தில் போகலாம் என்றும், மகள் என்றால் பக்கத்துப் பள்ளியில் என்ன இருக்கிறதோ அது போதும் என்றும் முடிவெடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விளவங்கோடு, திருவட்டாறுப் பக்கத்து ஊர்களில் இது இன்னும் அதிகம். அதே தாளில், “பக்கத்தில் இருக்கிறது” என்ற காரணத்துக்கு எதிரே அச்சம் என்றே எழுதுங்கள். எழுதிய பிறகு, அந்த அச்சத்துக்கு விடுதியோ, உடன் போகும் தோழியோ, பேருந்து நேரமோ தீர்வாகுமா என்று பார்க்கலாம். திறமை இல்லை என்று அவளை நினைக்கவிடுவது மட்டும் வேண்டாம்.

பேசும்போது

தாள்கள் தயாராகி, இடங்களையும் பார்த்த பிறகு, குடும்பமாக உட்காருங்கள். பிள்ளையின் வகுப்பாசிரியர் வரச் சம்மதித்தால் மிகவும் நல்லது; ஊரில் மதிப்புள்ள வேறு பெரியவரும் இருக்கலாம், ஆனால் அவர் முடிவு சொல்ல வந்தவர் அல்லர் என்பதை முன்பே பணிவாகத் தெரிவித்துவிடுங்கள். கேள்விகள் சிறியவையாக இருக்கட்டும். பெரிய கேள்விக்குப் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலையே சொல்வார்கள்.

“மக்களே, உனக்கு என்ன ஆகணும்?” என்று அம்மா கேட்டால், “நீங்க சொல்றதுதாம்மா” என்று மகள் தலை குனிவாள். அதையே ஆசிரியர், “மக்களே, போன வருஷம் எந்தப் பாடத்து வேலையை யாரும் சொல்லாமலே செஞ்ச?” என்று கேட்டுப் பார்க்கட்டும். “செய்முறைப் படம் வரைஞ்சது, டீச்சர். சர்க்யூட் எல்லாம் நானே வரைஞ்சேன்” என்று ஒரு பதில் வரும். அங்கிருந்து தொடங்கலாம். அந்தப் பதில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்பிரிவுக்கும் போகலாம், கணிதம் உள்ள முதல் குரூப்புக்கும் போகலாம்; எதுவானாலும் அவளிடமிருந்து வந்ததாக இருக்கும்.

கருத்து பிரிந்தால், ஒரு வழிமுறை உதவும். இரண்டு வழிகளில் எது, மனம் மாறினால் மற்றொன்றுக்குப் போக இடம் தருகிறதோ, அதில் முதலில் சேருங்கள். கணிதம் உள்ள குரூப்பில் தொடங்கி, பின்னர் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ஐடிஐ-யில் தொடங்கியவர் நீட் பக்கம் போக வேண்டுமானால் மீண்டும் பிளஸ் ஒன்னிலிருந்து தொடங்க வேண்டும். அதே நேரம், வீட்டில் உடல்நலமில்லாத தந்தை இருந்து, இரண்டு ஆண்டுக்குள் ஒரு வருமானம் வந்தே ஆக வேண்டும் என்றால், ஐடிஐ-தான் சரி. அதைப் பிள்ளையிடம் ஒளிக்காமல், “இது உன் திறமையைப் பற்றிய முடிவில்லை, நம் வீட்டு நிலைமை, பின்னால் மேலே படிக்க இந்த இந்த வழிகள் இருக்கின்றன” என்று தெளிவாகச் சொல்லுங்கள். காரணத்தை உண்மையாகச் சொல்லிக் கேட்ட பிள்ளை, தன்னை மக்கு என்று நினைத்துக்கொண்டு போவதில்லை. அரசின் 14417 என்ற கல்வி வழிகாட்டி எண்ணையும், பள்ளிகளில் நான் முதல்வன் திட்டத்தின் கீழ் நடக்கும் வழிகாட்டுதலையும் இந்தக் கட்டத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சேர்ந்த பிறகு

முதல் சில வாரங்களில் பிள்ளை எதுவும் சொல்லாமல் இருந்தால், நீங்களே கேளுங்கள். பிளஸ் ஒன்னில் குரூப் மாற வேண்டுமானால் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிட வேண்டும். காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. எங்கே சேர்ந்தாலும் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று ஆகியவற்றின் நகல்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அசல் சான்றிதழ்களைக் கொடுக்கும்போது, எவற்றைக் கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உதவித்தொகை வரும் வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்பதை முதல் மாதமே பாருங்கள்.

ஐடிஐ-யில் சேர்ந்தவர் என்றால் இன்னும் ஒரு வேலை மீதம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில் முதல்வர் அலுவலகத்தில், பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தேர்வுகளுக்கு எப்போது, எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்று கேட்டுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தொழிற்தேர்வுக்கான படிப்பின் நடுவே பிள்ளைகள் இதைத் தள்ளிப்போட்டுவிடுகிறார்கள். விண்ணப்பத் தேதி தவறினால், இணைச் சான்றிதழுக்கு அடுத்த தேர்வு வரை காத்திருக்க நேரும்.